மஞ்சள் கடுதாசி கொடுத்தால் வீடு தப்புமா? வண்டி தப்புமா?

கோர்ட்டுக்கு ஓடும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு!

ராமநாதபுரம்,

கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். வங்கியில் இருந்து ரிஜிஸ்டர் தபால் வந்து கிடக்கிறது. வண்டிக்கு 2 மாத தவணை பாக்கி.

இந்த நிலையில் இருப்பவருக்கு டீக்கடையில் இலவசமாக ஒரு யோசனை கிடைக்கும்.

"பேசாம ஐ.பி. கொடுத்துடுப்பா. ஒருத்தனும் உன் வாசப்படி ஏற முடியாது!"

ஐ.பி. என்றால் 'இன்சால்வென்சி பெட்டிஷன்'. ஊர் வழக்கில் மஞ்சள் கடுதாசி. சிலர் மஞ்சள் நோட்டீஸ் என்பார்கள். "என் கடனை அடைக்க எனக்கு சக்தி இல்லை. என்னைத் திவாலானவன் என்று அறிவியுங்கள்" என்று கோர்ட்டில் கொடுக்கும் மனுதான் அது.

மனு கொடுத்த மறுநாளே வீடும் வண்டியும் பத்திரமாகி விடும் என்பது பலருடைய நினைப்பு. ராமேசுவரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுபவர், பாம்பனில் படகு வைத்து இருப்பவர், ராமநாதபுரம் அரண்மனைத் தெருவில் கடை வைத்து இருப்பவர் எல்லோருக்கும் இதே நினைப்புதான்.

உண்மை வேறு. வீட்டையும் வண்டியையும் ஈடாக வைத்து வாங்கிய கடனுக்கு மஞ்சள் கடுதாசி வேலி போடாது!

100 வருட சட்டம்

மஞ்சள் கடுதாசிக்கு ஆதாரமாக இருப்பது 1920-ம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மாகாண திவால் சட்டம். சென்னை நகருக்கு மட்டும் 1909-ம் ஆண்டு சட்டம் தனியாக உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 1920-ம் ஆண்டு சட்டம்தான்.

2016-ல் மத்திய அரசு புதிய திவால் சட்டம் கொண்டு வந்தது. கம்பெனிகளுக்கு அது அமலுக்கு வந்து விட்டது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட தனி நபர்களுக்கு 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. சாதாரண ஆட்களுக்கான பகுதி ஏட்டில் இருக்கிறதே தவிர அமலுக்கு வரவில்லை. ஆகவே கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் இன்றும் பழைய சட்டமே கதி.

அந்தப் பழைய சட்டத்தில் ரூ.500-க்கு மேல் கடன் இருந்தாலே மனு கொடுக்கலாம். அந்தக் காலத்து 500 ரூபாய் அப்படியே நிற்கிறது. மாவட்ட கோர்ட்டிலோ, அதற்கான அதிகாரம் பெற்ற சப்-கோர்ட்டிலோ மனு போட வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, என்னென்ன சொத்து என்று முழுப் பட்டியல் கொடுக்க வேண்டும். சொத்தை மறைத்தாலோ, கணக்கைத் திருத்தினாலோ ஜெயில் தண்டனை உண்டு.

சாவி யார் கையில்?

கோர்ட்டு ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும் என்ன ஆகும்?

அவருடைய சொத்து அவர் கையை விட்டுப் போகும். கோர்ட்டு நியமிக்கும் 'ரிசீவர்' கைக்குப் போகும். ரிசீவர் அதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்.

அதாவது, சொத்தைக் காப்பாற்ற என்று நினைத்துக் கொடுக்கும் மனு, சொத்தின் சாவியைக் கொண்டு போய் கோர்ட்டில் வைக்கும் மனு ஆகும்!

சில பொருட்களை மட்டும் தொட முடியாது. ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு சொல்லும் பட்டியல் அது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் ஏர்-கலப்பை, உழவு மாடு, விதை நெல், பிராவிடண்ட் பண்டு பணம் ஆகியவை அதில் வரும்.

வீடு?

விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலைக்காரர் ஆகிய மூவர் குடி இருக்கும் சொந்த வீட்டுக்கு மட்டும்தான் இந்த பாதுகாப்பு. முதுகுளத்தூர், கமுதி பக்கத்து மிளகாய் விவசாயி இதைக் கேட்கலாம். கடைக்காரரும் வேன் சொந்தக்காரரும் கேட்பது கடினம்.

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு ஆறுதல். கடன் டிகிரிக்காகச் சம்பளத்தில் கை வைக்கும்போது முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ரூ.25 ஆயிரம் சம்பளம் என்றால் ரூ.8 ஆயிரம் வரைதான் பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக 24 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் முடியாது.

அடகு தனி, கைக்கடன் தனி

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடனில் 2 ஜாதி. ஈடு வைத்த கடன் ஒன்று. நோட்டு எழுதிக் கொடுத்தும் வாய் வார்த்தையாகவும் வாங்கும் கைக்கடன் இன்னொன்று.

திவால் மனு கைக்கடனுக்குத்தான் அணை போடும். ஈடு வாங்கி இருக்கும் வங்கி, திவால் கோர்ட்டின் வரிசையில் வந்து நிற்க வேண்டியது இல்லை. தன்னிடம் உள்ள பத்திரத்தைக் கொண்டு நேராக வீட்டின் மேல் போகலாம். வண்டிக்கும் அதேதான். ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறி இருக்கும் வரை வண்டி பாதி அவர்களுடையது.

வீட்டுக் கடனில் வங்கி எப்படி நடவடிக்கை எடுக்கும்? 2002-ம் ஆண்டு 'சர்பாசி' சட்டப்படி விவரம் வருமாறு:-

தவணை 90 நாள் பாக்கி விழுந்தால் அது வராக்கடன். அதன் பிறகு வங்கி நோட்டீசு அனுப்பும். அதில் 60 நாள் கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் 15 நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். கெடு தாண்டினால் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும். அதை எதிர்த்து 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு பாக்கியையும் கட்டினால் வீடு திரும்பக் கிடைக்கும்.

ரூ.1 லட்சத்துக்கு உட்பட்ட கடனுக்கும், விவசாய நிலத்துக்கும் இந்தச் சட்டம் பாயாது.

முதல் தவணை தவறிய நாளில் இருந்து கெடு முடியும் வரை கணக்குப் போட்டால் குறைந்தது 150 நாள். வீட்டைக் காப்பாற்றும் காலம் அதுதான். அந்தக் காலத்தை நோட்டீசைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துக் கழிப்பவர்கள் அதிகம்.

மனைவி பெயருக்கு மாற்றினால்?

"வீட்டை சம்சாரம் பேருக்கு எழுதி வச்சுட்டு அப்புறம் ஐ.பி. குடு" என்பது டீக்கடையின் 2-வது யோசனை.

இதற்கும் சட்டத்தில் பூட்டு இருக்கிறது. மனு கொடுப்பதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். வேண்டிய ஒருவருக்கு மட்டும் 3 மாதத்துக்குள் கடனைத் தீர்த்து, மற்றவர்களுக்குக் கையை விரித்து இருந்தால் அதுவும் செல்லாமல் போகலாம்.

ஜாமீன் போட்ட மச்சான் கதி என்ன? கடன் வாங்கியவர் திவால் ஆகி விடுதலை பெற்றாலும், ஜாமீன்தாரருக்கு விடுதலை இல்லை. வங்கி அவர் வீட்டுக் கதவைத் தட்டும். மஞ்சள் கடுதாசி பல குடும்பங்களில் தங்கை வீட்டோடு பேச்சு வார்த்தை முறிய இதுவே காரணம்.

செக் கொடுத்து இருந்தால் அது வேறு வழி. செக் திரும்பி வந்த வழக்கு கிரிமினல் கோர்ட்டில் நடக்கும். மஞ்சள் கடுதாசியால் அது தானாக நின்று விடாது.

விடுதலை உத்தரவு வாங்கும் வரை அந்தப் பட்டமும் கூடவே வரும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. தான் திவாலானவன் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் 6 மாதம் வரை ஜெயில். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியும், மோசடி செய்து வாங்கிய கடனும் விடுதலைக்குப் பிறகும் ஒழியாது.

ஜெயில் பயம் வேண்டாம்

கடன் கட்டாவிட்டால் ஜெயில் என்று மிரட்டுவார்கள். அதைக் கேட்டுப் பயந்து மஞ்சள் கடுதாசிக்கு ஓடுபவர்கள் உண்டு.

1980-ல் சுப்ரீம் கோர்ட்டு இதில் தெளிவாகத் தீர்ப்பு கூறியது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. கையில் பணம் இருந்தும் வேண்டும் என்றே கொடுக்காமல் ஏமாற்றுபவரைத்தான் சிவில் ஜெயிலில் போடலாம். இல்லாத ஏழையைப் போட முடியாது. பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே கூடாது என்று சிவில் சட்டத்திலேயே இருக்கிறது.

வசூல் ஆட்களுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்காரருக்குப் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டது. அடியாட்களை வைத்து வண்டியைத் தூக்கக் கூடாது என்று 2007-லேயே சுப்ரீம் கோர்ட்டு கண்டித்து இருக்கிறது. பைனான்ஸ் கம்பெனி வண்டியை எடுக்கும் முன் எவ்வளவு நாள் நோட்டீசு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். விற்கும் முன் கடைசி வாய்ப்பும் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு

ஒரு உதாரணம் பார்க்கலாம். தங்கச்சிமடத்தில் சொந்த வீடு. ராமேசுவரத்தில் சுற்றுலா வேன். இப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

வீட்டின் பேரில் வங்கிக் கடன் ரூ.8 லட்சம். மாதத் தவணை ரூ.10 ஆயிரம். வேன் கடன் ரூ.5 லட்சம். தவணை ரூ.14 ஆயிரம். நகை அடகு ரூ.2 லட்சம். வட்டி ரூ.2 ஆயிரம். கைக்கடன் ரூ.2 லட்சம். அது பத்து வட்டி. அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். மாதம் ரூ.20 ஆயிரம்!

மாதம் கொடுக்க வேண்டியது ரூ.46 ஆயிரம். டீசல், டிரைவர் படி போக வருமானம் ரூ.40 ஆயிரம். அரிசி வாங்கும் முன்பே ரூ.6 ஆயிரம் துண்டு விழுகிறது.

இவர் என்ன செய்வார்? வாசலில் நின்று சத்தம் போடும் பத்து வட்டிக்காரருக்கு முதலில் கொடுப்பார். சத்தம் போடாத வங்கித் தவணையை நிறுத்துவார். சத்தம் போடுபவரிடம் ஈடு எதுவும் இல்லை. சத்தம் போடாதவரிடம்தான் வீட்டுப் பத்திரம் இருக்கிறது!

இவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் என்ன ஆகும்? மொத்தக் கடன் ரூ.17 லட்சம். அதில் ரூ.15 லட்சம் ஈட்டுக் கடன். அணை போடப்படுவது ரூ.2 லட்சத்துக்கு மட்டும்தான். வீடு ரூ.15 லட்சம் பெறும் என்றால் வங்கிப் பாக்கி போக மிஞ்சும் ரூ.7 லட்சமும் ரிசீவர் கைக்குப் போகும். எல்லோருக்கும் கொடுத்து மீந்தால்தான் இவருக்கு. ரூ.2 லட்சத்துக்குப் பயந்து வீடே போகும்.

இவரே பேசித் தீர்க்கப் போனால்? வேன் கடன் காலத்தை நீட்டி, தவணையை ரூ.10 ஆயிரம் ஆக்கக் கேட்கலாம். வீடு 10, வேன் 10, நகை 2. ஆக ரூ.22 ஆயிரம். கைக்கடனுக்கு அசலில் மாதம் ரூ.4 ஆயிரம் என்று முடித்தால் 50 மாதத்தில் அசல் தீரும். குடும்பத்துக்கு ரூ.14 ஆயிரம் நிற்கும்.

இறுக்கம்தான். ஆனால் அடுப்பு எரியும். வேன் ஓடும். வீடு இருக்கும்.

பேசுவது எங்கே?

கடன் ஆலோசனை என்பது புதிய சங்கதி அல்ல. நிதிக் கல்வி, கடன் ஆலோசனை மையங்கள் வைக்க வேண்டும் என்று 2009-லேயே ரிசர்வ் வங்கி மாதிரித் திட்டம் கொடுத்தது. இப்போது அவை நிதிசார் கல்வி மையங்கள். கட்டணம் கிடையாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 'லீட் பாங்க்' எனப்படும் முன்னோடி வங்கி அலுவலகம் உண்டு. ராமநாதபுரத்தில் அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஆலோசகர் கடனைத் தள்ளுபடி செய்ய மாட்டார். வரவு-செலவைப் பார்த்து, எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, வங்கியிடம் கேட்க உதவுவார். அந்தக் காகிதம் இருந்தால் மேனேஜர் முன் உட்கார்ந்து பேசத் தெம்பு வரும்.

மேனேஜரிடம் கேட்க வேண்டியவை 3. தவணைக் காலத்தை நீட்டுங்கள். அபராதத்தைக் குறையுங்கள். முடியாத கட்டத்தில் ஒரே தடவையில் முடிக்க ஒரு தொகை சொல்லுங்கள். அபராதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது என்று 2024-ல் இருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேட்டு, நகலில் சீல் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் செய்யலாம். போன் எண்: 14448.

ஒரே தடவையில் குறைத்து முடிப்பதற்கும் விலை உண்டு. சிபில் ஏட்டில் 'முழுதும் கட்டினார்' என்று வராது. 'செட்டில் செய்தார்' என்றே நிற்கும். அடுத்த கடன் சுலபத்தில் கிடைக்காது.

"தவணையை நிறுத்துங்க, நாங்க பாதியில முடிச்சுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று போனில் வருபவர்களிடம் ஜாக்கிரதை. நிறுத்திய தவணைக்கு 90 நாள் கடிகாரம் ஓடிக்கொண்டு இருக்கும்.

மக்கள் நீதிமன்றம்

ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதன் மூலம் மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்துக்குப் போகலாம். வழக்கு போடும் முன்பே மனு கொடுக்கலாம். கோர்ட்டுக் கட்டணம் இல்லை. ஏற்கனவே கட்டி இருந்தால் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. போன் எண்: 15100.

ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே போடும் கையெழுத்து, கோர்ட்டு டிகிரிக்குச் சமம். அப்பீல் கிடையாது. கட்ட முடிந்த தொகைக்குத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

படகுக்காரர் கணக்கு

கடற்கரையில் வீடும் படகும்தான் சொத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த 2 மாதமும் விசைப்படகு கரையில் நிற்கும். வட்டி நிற்காது. தடைக்கால நிவாரணத்தை ரூ.5 ஆயிரத்தில் இருந்து ரூ.8 ஆயிரமாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அது அடுப்புக்குக் காணும். தவணைக்குக் காணாது.

2017 ஜூலை 27-ல் ராமேசுவரத்தில் பிரதமர் மோடி தொடங்கி வைத்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் ஒரு படகின் விலை ரூ.80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், மீனவர் 8 லட்சம், மீதி 16 லட்சம் வங்கிக் கடன். மானியம் பெரிது என்றாலும் அந்த 16 லட்சம் மாதம் தவறாமல் கேட்கும்.

படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினாலோ, கடன் மட்டும் கரையிலேயே இருக்கும். இலங்கையில் சிக்கி மீட்க முடியாமல் போன 108 விசைப்படகுகளுக்குத் தலா ரூ.5 லட்சமும், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ரூ.1½ லட்சமும் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. அப்படி வரும் பணம் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு முதலில் போனால், வீட்டுப் பத்திரம் வங்கியிலேயே தங்கி விடும். தடைக்கால மாதங்களில் தவணை இல்லாதபடி கால அட்டவணையை மாற்றித் தரும்படி, படகு ஓடும் காலத்திலேயே வங்கியில் கேட்டு வைப்பது நல்லது.

கந்து வட்டிக்குத் தனிச் சட்டம்

2017 அக்டோபர் 23-ந் தேதி நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கணவன், மனைவி, 2 பச்சைக் குழந்தைகள் தீயில் கருகினார்கள். நால்வரும் பிழைக்கவில்லை. கந்து வட்டிக் கொடுமை என்று புகார் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த குடும்பம் அது. தமிழ்நாடே பதறியது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் 2003-ம் ஆண்டு தமிழக சட்டப்படி குற்றம். 3 வருடம் வரை ஜெயில். அசலையும், அரசு நிர்ணயித்த வட்டியையும் மட்டும் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்ய மனு கொடுக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பத்து வட்டியில் 10 மாதம் கட்டினாலே அசலுக்குச் சமமாகக் கட்டியாகி விட்டது. எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து இருப்பவர் பேச்சுக்குத்தான் போலீசிலும் கோர்ட்டிலும் எடை இருக்கும்.

மஞ்சள் கடுதாசி யாருக்கு?

அது யாருக்குமே உதவாது என்று சொல்ல முடியாது. ஈடு வைத்த சொத்து எதுவும் இல்லை. வியாபாரம் நொடித்துப் போய்ப் பல பேரிடம் கைக்கடன். பலரும் கோர்ட்டில் டிகிரி வாங்கி விட்டார்கள். வருமானம் திரும்பும் வழியே தெரியவில்லை. இப்படிப்பட்டவருக்கு அது மூச்சு விட இடம் கொடுக்கும். கைது நடவடிக்கையில் இருந்தும் பாதுகாப்பு கேட்கலாம். கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர், கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்கள், சம்மதித்தால் கோர்ட்டுக்குள்ளேயே சமரசமும் செய்யலாம்.

வீட்டின் பேரில் கடன், வண்டியின் பேரில் கடன், இரண்டையும் விட மனம் இல்லை என்பவருக்கு அது மருந்து அல்ல. அவருக்கு மருந்து, 90 நாளுக்குள் வங்கிப் படி ஏறுவது. நோட்டீசு வந்து விட்டதா? 60 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுப்பது.

இன்று இரவு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் ஈட்டுக் கடன். வலது பக்கம் கைக்கடன். தவணை தவறிய தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கம் கனமாக இருந்தால் நாளைக் காலை போக வேண்டிய இடம் வங்கி. வலது பக்கம் மட்டும்தான் என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலைக் கேட்டு விட்டு, அப்புறம் மஞ்சள் தாளைத் தேடுங்கள்.